மழை நின்ற தேதியைக் குறித்து வையுங்கள்!

கார்த்திகை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் வானிலை அறிக்கைக்குத் தனி மரியாதை வந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் 'அடுத்த சேனல் போடு' என்கிறவர்கள்கூட, 'வங்கக் கடலில்...' என்று அறிவிப்பாளர் ஆரம்பித்ததும் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கவலை, நாளைக்கு லீவு உண்டா? அம்மாவுக்கு, துணி காயுமா? அப்பாவுக்கு, ஆபீஸ் போக பஸ் ஓடுமா? பதில் கிடைத்ததும் டி.வி.யை அணைத்துவிடுவோம்.

ஆனால் எங்களைப் போன்ற வைத்தியர்கள் அதே அறிக்கையை வேறு மாதிரி கேட்கிறோம். இந்த மழை யாரை எப்போது படுக்க வைக்கும்? இந்தப் பனி எந்த வீட்டுப் பெரியவரின் நெஞ்சைப் பிடிக்கும்? நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல, நாட்டின் நாடியைத் தினமும் பார்த்துச் சொல்லும் குறிப்புதான் வானிலை அறிக்கை. அதைப் படிக்கத் தெரிந்த குடும்பம் பாதி ஆஸ்பத்திரிச் செலவைக் குறைத்துக்கொள்ளலாம். சில சமயம் ஓர் உயிரையே காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஒரே நாளில் நாலு விதம்

டிசம்பர் முதல் வாரத்தில் ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுவதற்கும் ஒரு சுருக்க அறிக்கை வெளியிடுகிறது. 1875ல் தொடங்கப்பட்ட துறை அது. ஒரு நாளைக்குப் பல முறை புதுப்பிக்கிறார்கள். அதில் காஷ்மீர், இமாச்சல மலைகளில் பனிப்பொழிவு என்றிருக்கும். பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேசத்தில் அடர்ந்த மூடுபனி என்றிருக்கும். மத்திய இந்தியாவில் வறண்ட வானிலை. தமிழ்நாடு, புதுவை, தெற்கு ஆந்திரக் கடலோரத்தில் மட்டும் கனமழை எச்சரிக்கை! ஒரே நாடு, ஒரே நாள், நாலு விதமான வானம்.

ஏன் இப்படி? சூரியன் தெற்கே நகர்ந்ததும் வடக்கே நிலம் குளிர்ந்து, காற்று வடகிழக்கிலிருந்து வீச ஆரம்பிக்கிறது. அந்தக் காற்று வங்கக் கடலைத் தாண்டி வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் கொட்டுகிறது. அதுதான் வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான இந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. வடக்கே கதை வேறு. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் காற்றுச் சுழல்கள் இமயமலையில் பனியைக் கொட்டிவிட்டுப் போகின்றன. அறிக்கையில் 'மேற்கத்திய இடையூறு' என்று வருவது இவைதான். அவை கடந்து போனதும் மலைக்காற்று கீழே இறங்கி, சமவெளி முழுக்க நடுங்க ஆரம்பிக்கிறது.

எங்கள் சித்த மருத்துவத்தில் இதற்கு இணையான ஒரு கணக்கு உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. பொழுது மாறும்போது உடம்பில் வாத, பித்த, கபத்தின் நிலையும் மாறும். குறிஞ்சி, முல்லை என்று நிலத்துக்கு ஏற்ப வரும் நோயும் மாறும். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தின் சாரம் இதுதான்: நோயாளியின் உடம்பை மட்டும் பார்க்காதே, அவன் எந்த நிலத்திலிருந்து எந்தப் பொழுதில் வந்திருக்கிறான் என்று பார். இன்றைய வானிலை அறிக்கையும் நிலத்தையும் பொழுதையும்தானே சொல்கிறது? நாம்தான் அதை உடம்போடு சேர்த்துப் படிப்பதில்லை.

'ஓரிரு இடங்களில்' என்றால் கொஞ்சமாகவா?

அறிக்கையில் வரும் சில வார்த்தைகளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்' என்று கேட்டதும், 'ஓரிரு இடம்தானே, நமக்கு இருக்காது' என்று நிம்மதியாகிவிடுகிறோம். தப்பு! ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் கால் பங்குக்குள் பதிவானால் 'ஓரிரு இடங்கள்'. கால் முதல் அரைப் பங்கு வரை 'ஒருசில இடங்கள்'. அரைக்கு மேல் முக்கால் வரை 'அநேக இடங்கள்'. அதற்கு மேல் 'பெரும்பாலான இடங்கள்'. இவையெல்லாம் மழை எவ்வளவு பரவலாக இருக்கும் என்பதைச் சொல்லும் வார்த்தைகள். எவ்வளவு பலமாகப் பெய்யும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பலத்தைச் சொல்லும் வார்த்தைகள் வேறு. 24 மணி நேரத்தில் சுமார் 6½ முதல் 11½ செ.மீ. வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. செ.மீ. என்றால் மனதில் பதியவில்லையா? இப்படிப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். 20 செ.மீ. பெய்தால் பதினெட்டாயிரம் லிட்டருக்கும் மேல்! உங்கள் மாடியில் மட்டும் இவ்வளவு. தெருவில் இருக்கும் எல்லா மாடியையும் கூட்டிப் பாருங்கள், சாக்கடை ஏன் பொங்குகிறது என்று புரியும்.

அப்புறம் நிறங்கள். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மஞ்சளை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆரஞ்சு வந்தால் பால் பாக்கெட் இரண்டு கூடுதலாக வாங்குகிறோம். 'ரெட் அலர்ட்' வந்த பிறகுதான் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கிறோம். அதில் நாளைக்கு ஒரு வேளைக்குத்தான் இருக்கும்!

பெயர் இல்லாத மழை

இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. புயலுக்குப் பெயர் வைத்தால்தான் பயப்படுவோம். தானே (2011), வர்தா (2016), ஒக்கி (2017), கஜா (2018), நிவர் (2020), மிக்ஜாம் (2023), ஃபெஞ்சல் (2024) என்று பெயர்களை ஒப்பிப்போம். இவற்றில் பெரும்பாலானவை நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் வந்தவை என்பதையும் கவனியுங்கள். காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் அதற்குப் 'புயல்' என்ற தகுதியும் பெயரும் கிடைக்கும். அதற்குக் கீழே தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். இன்னும் கீழே வெறும் சுழற்சி.

2023 டிசம்பர் 17, 18ம் தேதிகளில் எங்கள் தென் மாவட்டங்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அன்றைக்குப் புயலும் இல்லை, பெயரும் இல்லை. குமரிக் கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது! தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் மிதந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நின்றுபோனது.

மறு வருஷம் வேறு ஒரு பாடம். 2024 நவம்பர் 30ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புதுவை அருகே கரையைக் கடந்தது. 'அப்பாடா, கடந்துவிட்டது' என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். அது வலுவிழந்து உள்ளே நகர்ந்த பிறகுதான், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிற ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். ஆகவே, பெயர் இல்லையே என்று அலட்சியம் வேண்டாம். கரையைக் கடந்துவிட்டதே என்று நிம்மதியும் வேண்டாம். புயலின் நடுப்பகுதியான 'கண்' நம் ஊருக்கு மேலே வரும்போது காற்று திடீரென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று வெளியே போகாதீர்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப் பக்கமிருந்து மறுபடி அடிக்கும்.

மஞ்சள் வந்தாலே செய்ய வேண்டியவை

உங்கள் மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை என்று கேட்டதும் மெழுகுவத்தியைத் தேடுவதற்கு முன்னால் மாத்திரைப் பெட்டியைத் தேடுங்கள்.

* ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, இதய நோய், தைராய்டு, ஆஸ்துமா என்று தினமும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பத்து நாளைக்கான மருந்து கையில் இருக்க வேண்டும். சீட்டை செல்போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். சீட்டு நனையும், போன் அணையும், அவர்களிடம் இருப்பது இருக்கும்.

* டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் வீட்டில் இருந்தால், ஆரஞ்சு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஒரு நாள் முன்னதாகச் செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது இதைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

* பிரசவத் தேதி நெருங்கிய பெண் இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பி விடுங்கள். புயல் சமயத்தில் சுகாதாரத் துறையே இப்படிப்பட்ட தாய்மார்களை முன்கூட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறது. அவர்கள் கூப்பிட்டால், 'இன்னும் வலியே வரலையே' என்று மறுக்காதீர்கள்.

* இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கரண்ட் போனால் பயம் வரும். பயம் வேண்டாம். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் சுமார் நாலு வாரம் கெடாது. புது மருந்தை பிளாஸ்டிக் பையில் கட்டி, அதைச் சின்ன டப்பாவில் போட்டு, ஈர மண்பானைக்குள் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். ஐஸ் கட்டியோடு ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் வீண்.

* படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்கள் தரைத் தளத்தில் இருந்தால், பகல் வெளிச்சம் இருக்கும்போதே மாடிக்கு மாற்றுங்கள். ராத்திரி இருட்டில், தண்ணீருக்கு நடுவில், நாலு பேர் தூக்க முடியாது.

* ஆளுக்கு நாலைந்து லிட்டர் வீதம் மூன்று நாளைக்குக் குடிதண்ணீர் பிடித்து மூடி வையுங்கள். 108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி, 1077 மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை, இந்த மூன்று எண்களையும் சுவரில் பெரிதாக எழுதுங்கள். வீட்டில் கண் தெரியாத பாட்டிக்கு மனப்பாடம் செய்து வையுங்கள்.

மழை நின்றது, கணக்கு ஆரம்பம்!

இனிதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயம். வானிலை அறிக்கை ஐந்து நாளைக்கு, அதிகம் போனால் ஏழு நாளைக்குச் சொல்லும். மழை நின்றதும் எச்சரிக்கை பச்சைக்குத் திரும்பிவிடும். ஆனால் உடம்புக்குப் பச்சை வர ஒரு மாதம் ஆகும்! தண்ணீர் வடிந்த பிறகு நோய்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு.

அந்த 2023 வெள்ளத்துக்கு அப்புறம் ஏரல் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். விவசாயி. மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி. 'மழையில் நனைஞ்சது, கஷாயம் குடுங்க' என்றார். 'எங்கே வலி ஜாஸ்தி அண்ணாச்சி?' என்று கேட்டேன். 'கெண்டைக்கால்தான் டாக்டரய்யா, தொட முடியல.' கண் ரத்தமாகச் சிவந்திருந்தது, பீளை இல்லை. 'வெள்ளத் தண்ணியில நடந்தீங்களா?' என்றேன். கூட வந்த அவர் மனைவிதான் பதில் சொன்னார். 'ரெண்டு நாளா இடுப்பளவு தண்ணியிலதான் கிடந்தாக. கால்ல வெட்டுக் காயம் வேற. ஆனா மழை நின்னு பத்து நாளாச்சே அய்யா, இப்ப போய் எதுக்கு காய்ச்சல்?'

அந்தப் 'பத்து நாளாச்சே'தான் எனக்குத் துப்பு. கஷாயம் கொடுக்கவில்லை. கடிதம் எழுதிக் கையில் கொடுத்து நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அங்கே சிகிச்சை பெற்றுப் பிழைத்தார். இன்னும் நாலு நாள் தாமதித்திருந்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

ஆகவே மழை நின்று, உங்கள் தெருவில் தண்ணீர் வடிய ஆரம்பித்த தேதியைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து இப்படி எண்ணுங்கள்:

முதல் இரண்டு நாள்: ஆபத்து கரண்டும் பாம்பும். தண்ணீர் புகுந்த வீட்டில் மெயினை அணைக்காமல் எந்த சுவிட்சையும் தொடக்கூடாது. கை ஈரமாக இருக்கும்போது மெயினையும் தொடக்கூடாது. செருப்பு, பாய், துணி மூட்டை எதையும் உதறிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன்: நச்சுப் பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் விஷ முறிவு ஊசிதான் மருந்து. வேர், பச்சிலை என்று தேடிக்கொண்டிருக்கும் நேரம் உயிரின் நேரம். காயம் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

முதல் ஒரு வாரம்: வயிற்றுப்போக்கு, வாந்தி. சாக்கடைத் தண்ணீர் தொட்டியிலும் கிணற்றிலும் கலந்திருக்கும். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிஷமாவது கொதிக்க விட்டு, அதே பாத்திரத்தில் ஆற வைத்துக் குடியுங்கள். குழந்தைக்குப் போக்கு கண்டால் முதல் மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ஓமத் தண்ணீர் கொடுங்கள், மாதுளை ஓடு கஷாயம் கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கண் குழி விழுந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஐந்தாம் நாள் முதல் இரண்டு வாரம்: எலிக்காய்ச்சல். எலி, மாடு, நாயின் சிறுநீர் கலந்த தண்ணீரில், காயம் பட்ட காலோடு நடந்தவர்களுக்கு வரும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். டாக்டரிடம் போனதும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே, 'இந்தத் தேதியில் வெள்ளத்தில் நடந்தேன்' என்று சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய நோய் இது.

பத்தாம் நாள் முதல் ஒரு மாதம்: டெங்கு. ஏடிஸ் கொசுவின் முட்டை நல்ல தண்ணீரில் கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள். அந்தக் கொசு கிருமியைச் சுமக்க ஆரம்பித்து நம்மைக் கடித்தால், காய்ச்சல் வர மேலும் நாலு முதல் பத்து நாள். அதனால்தான் எல்லோரும் மழையை மறந்துபோன சமயத்தில் டெங்கு வருகிறது. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணிபிளாண்ட் பாட்டில் எல்லாவற்றையும் வாரம் ஒரு நாள் கவிழ்த்து, உள்பக்கத்தை நாரால் தேயுங்கள். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது, முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது இந்தக் குடிநீர். காய்ச்சலுக்கு நாங்கள் பல காலமாகக் கொடுத்து வருவது. அளவு வயதைப் பொறுத்தது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் சித்த மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது. அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்ச வேண்டும், காலையில் வைத்ததை ராத்திரி சுட வைக்கக்கூடாது.

ஆனால் ஒன்று. குடிநீர் குடித்தாயிற்று என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள்! 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்று சந்தோஷப்படும் நேரத்தில் கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், தூக்கக் கலக்கம், சிறுநீர் குறைவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. உடம்பு வலிக்கிறது என்று கடையில் ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ரத்தக் கசிவை அவை அதிகப்படுத்தும்.

விடியற்காலைப் பனி

மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால் அறிக்கையில் 'குறைந்தபட்ச வெப்பநிலை' என்ற வரியைப் பாருங்கள். ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பம் பெரும்பாலும் சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். நம் பெரியவர்கள் வாக்கிங் போவதும், கோயிலுக்குப் போவதும், குளிர்ந்த தண்ணீரில் குளிப்பதும் அதே நேரத்தில்! குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்பு குளிர்காலத்திலும் விடியற்காலையிலும் அதிகம் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வெயில் எட்டிப் பார்த்த பிறகு, காதையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு நடக்கட்டும். வெந்நீரில் குளிக்கட்டும். பெருமாள் ஏழு மணிக்கும் அதே இடத்தில்தான் இருப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார். நெஞ்சில் பாரம், இடது தோளில் வலி, வியர்வை என்றால் 'வாயு' என்று பெருங்காயம் கரைத்துக் குடிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்துமாக்காரர்களுக்கு இது சோதனையான காலம். தூதுவளை ரசம், ஆடாதோடை மணப்பாகு, மிளகு, சுக்கு எல்லாம் துணைக்கு நல்லவை. ஆனால் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு சாம்பிராணியும் கொசுவத்திச் சுருளும் ஏற்றாதீர்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தையின் மடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆவி பிடிக்கப் போய்ச் சூடுபட்டு வரும் குழந்தைகளைப் பார்த்தால் மனசு ஆறாது.

காசிக்குப் போகிறீர்களா?

டிசம்பரில் காசி, அயோத்தி, ஹரித்துவார், டெல்லி என்று கிளம்புகிற குடும்பங்கள் இப்போது நிறைய. கிளம்பும் முன் அந்த ஊருக்கான அறிக்கையைப் பாருங்கள். சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழ் இறங்கி, வழக்கத்தைவிட 4½ டிகிரியோ அதற்கு மேலோ குறைந்தால் அதற்குக் 'குளிர் அலை' என்று பெயர். 4 டிகிரியைத் தொட்டாலே குளிர் அலைதான். 20 டிகிரிக்கே ஸ்வெட்டர் போடுகிற நமக்கு அது எப்படி இருக்கும்!

'மிக அடர்ந்த மூடுபனி' என்றால் 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது என்று அர்த்தம். ரயில் பல மணி நேரம் தாமதமாகும். ஆகவே மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் கைப்பையில், இரண்டு நாளைக்குக் கூடுதலாக வையுங்கள். ராத்திரியில் வாடகைக் காரில் அவசரப்படுத்திப் போகாதீர்கள். டெல்லிப் பக்கம் காற்று மாசுக் குறியீடு 300ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400ஐத் தாண்டினால் 'கடுமை'. அப்படிப்பட்ட நாளில் நுரையீரல் நோயாளிகளும் குழந்தைகளும் வெளியே சுற்ற வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தங்கும் அறையில் கரி அடுப்பு வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. அங்கே 'அங்கீட்டி' என்று கொண்டு வந்து வைப்பார்கள், கதகதப்பாக இருக்கும். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடநாட்டில் இப்படிக் குடும்பம் குடும்பமாக இறந்த செய்தி வருகிறது. ஊட்டி, கொடைக்கானலிலும் இதே ஆபத்து உண்டு. இரண்டு கம்பளி கூடுதலாகக் கேளுங்கள், கரி கேட்காதீர்கள்.

சுவரில் ஒரு வேலை

நம் எல்லார் வீட்டிலும் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, வேலைக்காரம்மா லீவு எல்லாம் அதில்தான். இந்த இரண்டு மாதத்துக்கு அதில் இன்னும் ஒரு கணக்கு எழுதுங்கள். மஞ்சள் எச்சரிக்கை வந்த தேதியில் 'ம' என்று ஒரு எழுத்து. அன்றைக்கே மாத்திரைப் பெட்டியைப் பார்த்துவிட வேண்டும். மழை நின்று தண்ணீர் வடிந்த தேதியில் ஒரு வட்டம். அதிலிருந்து ஏழு, பதினாலு, முப்பது நாட்களில் ஒவ்வொரு கோடு. முப்பதாம் நாள் கோடு தாண்டும்வரை வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டாக்டரிடம் போகும்போது அந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வட்டம் அவருக்குப் பாதி நோயைச் சொல்லிவிடும்.